தீர்ப்பும் வாய்மையும்: ஒரு மாளிகையின் நிழற்படத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

ஒருவன் தான் எடுத்த நிழற்படமொன்றை இன்னொருவனிடம் நீட்டி, "இது எப்படியிருக்கிறது?" என்று வினவுகிறான். படத்திலிருப்பது ஒரு பெரிய வீடு. எடுத்தவன் அத்தொழிலை முறையாகப் பயின்றவனல்லன். ஆர்வம் ஒன்றினாலேயே கமராவைக் கையிலெடுத்தவன். வினா எளிமையானதாகவே தோன்றுகிறது. ஆயின் விடையளிக்க வேண்டியவனின் நிலை அத்துணை எளிதன்று. வீடு அழகாயிருக்கிறதா என்பதா கேள்வி? படம் நன்றாக அமைந்துள்ளதா என்பதா? அன்றி, இம்முயற்சியைத் தான் தொடரலாமா என்பதா? மூன்றும் ஒரே வாக்கியத்துள் அடங்கிக் கிடக்கின்றன. பெரும்பாலோர் முதலாவதற்கு விடை கூறி ஏனையவற்றிலிருந்து தப்பிக்கொள்வர். "அருமையான வீடு" என்பது படத்தைப் பற்றி ஒன்றுமே கூறாத பாராட்டு. கேட்டவனும் அதனை உணர்வான். உணர்ந்தும் நன்றி கூறுவான்.

இங்கு எழும் ஒழுக்கவியற் பிரச்சினையை உண்மைக்கும் இரக்கத்துக்குமிடையிலான போராட்டமாகக் காண்பதே வழக்கம். குற்றமற்ற நன்மையை விளைவிக்குமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தில் வைத்து எண்ணத்தக்கது என்று வள்ளுவர் கருதியமை தமிழறிந்தார் யாவருக்கும் தெரிந்ததே. ஜெர்மானியச் சிந்தனையாளரான இம்மானுவேல் காண்ட் 1797இல் எழுதிய கட்டுரையொன்றில் இதற்கு நேர்மாறான நிலையை மேற்கொண்டார். நண்பனைத் தேடிவரும் கொலைஞனிடத்துக்கூடப் பொய் கூறும் உரிமை எவருக்கும் இல்லை என்பது அவர்தம் முடிபு. இவ்விரு நிலைகளுள் எதனைத் தெரிவது என்பது உண்மையில் இரண்டாவது பிரச்சினையே. உண்மையைக் கூறுவதா மறைப்பதா என்று தேர்வதற்கு முன்னர், உண்மை எது என்பது விடையளிப்பவனுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். நல்லெண்ணமுடையோர் பலர் அந்த முதற்படியைத் தாண்டிவிட்டதாக எண்ணிக்கொண்டே இரண்டாம் படியில் நின்று அல்லற்படுகின்றனர்.

இதனை ஆராய்வதற்குப் புனைந்த உதாரணம் எதுவும் வேண்டியதில்லை. நிழற்படக் கலையின் தொடக்க வரலாற்றிலேயே இத்தகைய நிகழ்ச்சியொன்று காணப்படுகின்றது.

இங்கிலாந்தின் வில்ற்ஷயர்ப் பகுதியிலுள்ள லேகொக் அபி என்னும் மாளிகைக்கு உரியவரான வில்லியம் ஹென்றி ஃபொக்ஸ் டல்பொட் (1800–1877) கணிதத்திலும் ஒளியியலிலும் ஈடுபாடு கொண்ட அறிஞர். சிறிது காலம் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அவருக்குக் கைவராத ஒன்று சித்திரம் வரைதல். 1833 ஒக்ரோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில், வரைவோருக்குத் துணைசெய்யும் முப்பட்டகக் கருவியொன்றைக் கொண்டு காட்சியைத் தாளிற் பதிக்க முயன்று தோற்றார். கருவியிலிருந்து கண் விலகியதும் தாளில் எஞ்சியிருந்தவை வெறுங் கீறல்களே. கையின் துணையின்றி இயற்கை தன்னைத் தானே வரைந்துகொள்ளச் செய்ய இயலாதா என்ற எண்ணம் அவ்வேமாற்றத்திலிருந்தே பிறந்தது. தோல்வியுற்ற சித்திர ஆர்வலர் ஒருவரின் மனக்குறை ஒரு புதிய கலையின் தோற்றுவாய்களுள் ஒன்றாயிற்று.

உப்பும் வெள்ளி நைத்திரேற்றும் ஊட்டிய தாளைச் சிறு மரப்பெட்டிகளுள் வைத்து அவற்றைத் தம் மாளிகையைச் சுற்றி நிறுத்தினார் டல்பொட். இது 1835ஆம் ஆண்டுக் கோடையில் நிகழ்ந்தது. அவர் மனைவி கொன்ஸ்ரன்ஸ் அப்பெட்டிகளை 'எலிப்பொறிகள்' என்று குறும்பாக அழைத்தார். (முதல் விமர்சனம் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது போலும்.) அரைமணி நேரம் கழித்து அவற்றை உள்ளே எடுத்துச் சென்று திறந்தபோது, ஒவ்வொன்றிலும் அதன் எதிரே நின்றவற்றின் மிகச் சிறிய உருவம் பதிந்திருந்தது. மாளிகையைத் தெரிந்தமைக்குக் காரணம் உடைமைப் பெருமிதம் மட்டுமன்று. அரைமணி நேரம் அசையாது நிற்கக்கூடியது வேறெதுவும் அத்துணை எளிதிற் கிடைப்பதில்லை. மனிதர் அசைவர், இலைகள் அசையும், கல்லாலான கட்டடம் வெயிலில் அப்படியே நிற்கும். தன் படத்தைத் தானே வரைந்துகொண்டதாக அறியப்பட்ட முதற் கட்டடம் இதுவே என்று தாம் நம்புவதாக 1839இல் அவர் எழுதினார். வரைந்தவர் என்ற உரிமையையும் வீட்டுக்கே விட்டுக்கொடுக்கும் அக்கூற்றில், தம் கைத்திறனைப் பற்றிய அவரது நாணமும் ஓரளவு கலந்திருக்கின்றது எனலாம்.

அப்படங்கள் சில ஆண்டுகள் பொதுமக்கள் கண்ணிற் படாது கிடந்தன. 1839 ஜனவரி 7ஆம் திகதி பாரிஸில் லூயி டகேர் என்பாரின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்ட பின்னரே டல்பொட் விரைந்து செயற்பட்டார். அம்மாதம் 25ஆம் திகதி இலண்டன் றோயல் நிறுவகத்தில் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன; 31ஆம் திகதி றோயல் கழகத்தில் அவரது கட்டுரை வாசிக்கப்பட்டது. அவருடைய முயற்சியை மதிப்பிடுவதற்கு மிகத் தகுதி வாய்ந்த ஒருவர் அக்காலத்தில் இருந்தாரெனின் அவர் வானியலாளர் சேர் ஜோன் ஹேர்ஷலே. பெப்ரவரி முதலாம் திகதி ஸ்லௌவிலுள்ள அவரது இல்லத்திற்கு டல்பொட் சென்றபோது, படம் மேலும் கறுத்துப்போகாது நிலைபெறச் செய்தற்குரிய இரசாயனப் பொருளின் பயனை ஹேர்ஷல் அவருக்கு எடுத்துக்காட்டினார். அப்பொருளின் இயல்பை 1819ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தறிந்தவர் அவர். தம் அறிவை அவர் ஒளிக்கவில்லை; விலை பேசவுமில்லை. நட்பின் இலக்கணத்துக்கு இதனினும் நல்ல சான்று தேடவேண்டியதில்லை.

அதே ஹேர்ஷல் அவ்வாண்டு மே மாதத்தில் பாரிஸ் சென்று டகேரின் தகடுகளை நேரிற் கண்டார். அவற்றோடு ஒப்பிடுகையில் டல்பொட்டின் படங்கள் தெளிவற்றவை, மூடுபனி போன்றவை என்ற பொருள்பட அவர் அங்கிருந்தோரிடம் கூறியதாக நிழற்பட வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். டல்பொட்டுக்கு எழுதிய மடலிலோ, டகேரின் படங்கள் அற்புதம் என்று சொல்லுமளவுக்குச் சிறந்தவை என வியந்து, நேரில் வந்து காணுமாறு அழைத்தார்.

ஹேர்ஷலின் தீர்ப்புப் பொய்யன்று. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் டகேர் பதித்த தெருக்களையும் கட்டடங்களையும் உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்குந்தோறும் புதிய நுணுக்கங்கள் வெளிப்பட்டன. டல்பொட்டின் முறையிலோ தாளின் நார்களே உருவத்தின் விளிம்புகளைக் கரைத்தன. ஒப்பிட்டறியாதவன் ஒரு கலைப்பொருளைப் பற்றித் தீர்ப்புக் கூறத் தகுதியற்றவன் என்று டேவிட் ஹியூம் 1757இல் வெளிவந்த சுவையின் அளவுகோல் பற்றிய தம் கட்டுரையில் வலியுறுத்தினார். அந்நோக்கில், பெப்ரவரியில் டல்பொட்டை வரவேற்ற ஹேர்ஷலைவிட மே மாதத்து ஹேர்ஷலே தகுதி கூடிய நடுவர். முன்னர் ஒன்றை மட்டுமே கண்டிருந்தார். இப்பொழுது இரண்டையும் கண்டுவிட்டார்.

எனினும் அது நீதியான தீர்ப்பா என்ற வினா எஞ்சி நிற்கின்றது. ஒப்பீடு எப்பொழுதும் ஏதாவதொரு பண்பினை முன்னிட்டே நிகழ்கின்றது. ஹேர்ஷல் கொண்ட பண்பு கூர்மை. அதனை அளவுகோலாகக் கொண்டால் டல்பொட் தோற்றேயாகவேண்டும். ஆனால் டகேரின் தகடு ஒன்றேயொன்று. அதிலிருந்து இன்னொன்றைப் பெற இயலாது. டல்பொட்டின் முறையிலோ ஒளியும் நிழலும் இடம்மாறிய ஒரு தாளிலிருந்து வேண்டிய எண்ணிக்கையில் நேர்ப்படங்களை எடுக்கலாம். டிஜிற்றல் முறை வந்து இடத்தைப் பிடிக்கும்வரை உலகெங்கும் நின்று நிலவியது நெகற்றிவ்–பொசிற்றிவ் என்னும் இம்முறையே. அவ்விரு பெயர்களையும் இத்துறைக்கு வழங்கியவரும் ஹேர்ஷலே என்பது வரலாற்றின் ஒரு குறும்பு.

பிற்கால வெற்றியைச் சான்றாகக் காட்டி ஹேர்ஷல் பிழைவிட்டார் என்று வாதிடுவாருமுளர். அது நேர்மையான வாதமன்று. டல்பொட்டின் முறை வளராது மறைந்துபோயிருப்பின் மூடுபனி என்ற சொல் நியாயமாகியிருக்குமா? வெற்றி தோல்வியைக் கொண்டு தீர்ப்பின் நீதியை அளப்பது, குதிரைப் பந்தயத்திற் பணம் கட்டியவனை அறிஞனென்று போற்றுவதை ஒக்கும். குறை வேறிடத்தில் உள்ளது. அந்தப் படம் எதனைச் செய்ய முயன்றதோ அதனைக் கேளாது, இன்னொரு படம் செய்த ஒன்றை இது செய்யவில்லை என்று கூறியமையே குறை. கூற்று உண்மை, ஆனால் கேட்கப்படாத வினாவுக்கான உண்மை. ஆர்வலனொருவனின் முயற்சியைப் பார்ப்போர் அடிக்கடி இழைக்கும் தவறு இதுவே. எதனை அளவுகோலாகக் கொள்வது என்பதை அறிவின் செயலாக மட்டும் அவர்கள் கருதுகின்றனர். அது ஒரு நடத்தையுமாகும். ஆகவே அதற்குப் பொறுப்பும் உண்டு.

அப்படியாயின் ஒருவன் தன் படத்தைப் பிறரிடம் காட்டுவதுதான் எதற்காக? புகழுக்கு ஏங்கும் பலவீனமே இதற்குக் காரணம் என்று இலகுவாகக் கூறிவிடலாம். நிழற்படத்தின் இயல்பை நோக்கும்போது அது போதிய விளக்கமாகத் தோன்றவில்லை. ஓவியன் இட்ட கோடு ஒவ்வொன்றும் அவன் இட்டதே. அவன் அறியாது ஒரு சாளரம் ஓவியத்துள் நுழைந்துவிடாது. நிழற்படம் அவ்வாறன்று. 1844 தொடக்கம் 1846 வரை பகுதி பகுதியாக, 24 படங்களுடன் டல்பொட் வெளியிட்ட 'இயற்கையின் எழுதுகோல்' என்ற நூலில், ஒக்ஸ்ஃபோட் பல்கலைக்கழகக் கல்லூரிக் கட்டடமொன்றின் படத்தையொட்டி அவர் இதனை விளக்குகின்றார். படமெடுத்தவரே நெடுங்காலம் கழித்து அதனை நுணுகி நோக்கும்போது, தாம் அப்பொழுது கவனியாதவை பல அதில் இருக்கக் காண்பார். சுவரிலுள்ள எழுத்துக்கள், ஆண்டுக் குறிப்புகள், தொலைவிலுள்ள மணிக்கூட்டின் முகம், அதிற் பதிவான நேரம் ஆகியன அத்தகையவை. எடுத்தவனே முழுமையாக அறியாத பொருள் நிழற்படம். ஆதலின் பிறன் கண் அதற்குத் தேவைப்படுகின்றது.

பெரிய வீடொன்றின் படத்தில் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். உயர்ந்த கட்டடத்தை முழுவதும் அடக்கவேண்டிக் கமராவை மேல்நோக்கிச் சாய்த்தால், படத்திற் சுவர்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்வனபோலத் தோன்றும். அவ்வீட்டை நேரிற் கண்டு பழகியவனுக்கு அச்சாய்வு புலப்படுவதில்லை. சுவர்கள் நிமிர்ந்தவை என்று அவன் மனம் முன்னரே அறியும். அந்நியனே உடனடியாகக் காண்கிறான். வீட்டை அறிந்தவன் படத்தில் வீட்டைப் பார்க்கிறான். அறியாதவன் படத்தைப் பார்க்கிறான். "வலப்புறச் சுவர் சாய்கின்றது" என்று அந்நியன் சொல்லும் ஒரு வாக்கியம், பத்துப் பாராட்டுகளால் கிடைக்காத ஒன்றை எடுத்தவனுக்குத் தருகின்றது. அவன் ஏற்கெனவே கொண்டிருந்தும் காணாதிருந்த ஒன்றை அது காட்டிக்கொடுக்கின்றது. சாய்வைக் குற்றமென்று கூறாது 'சாய்கின்றது' என்று மட்டும் கூறுவதும் கவனிக்கத்தக்கது. அது குற்றமா அன்றோ என்பது எடுத்தவனின் நோக்கத்தைப் பொறுத்தது.

ஆனால் மாளிகையின் படம் இன்னொரு சிக்கலையும் உடன்கொண்டு வருகின்றது. தன் எதிரேயுள்ள அரண்மனை அழகானதா என்று ஒருவனிடம் கேட்கப்படும் உதாரணத்தைக் காண்ட் தம் 'தீர்ப்பாற்றல் பற்றிய விமர்சனம்' (1790) என்ற நூலின் தொடக்கத்திலேயே எடுத்தாள்கின்றார். வாய்பிளந்து பார்ப்பதற்கென்றே கட்டப்பட்டவற்றைத் தான் விரும்புவதில்லை என்று அவன் கூறலாம். ரூசோவைப் போல, மக்களின் வியர்வையை இத்தகைய வீண் ஆடம்பரங்களிற் செலவிடும் பெரியோரின் செருக்கைச் சாடவும் சாடலாம். இவையெல்லாம் ஒப்புக்கொள்ளத்தக்கவையே எனினும் இங்கு கேட்கப்பட்டது அதுவன்று என்பது காண்டின் விடை. ஈழத்து இலக்கிய விவாதங்களிற் பழகியோருக்கு இவ்வாதமும் இதற்கான எதிர்வாதமும் புதியனவல்ல.

காண்டின் பிரிவினை மிகவும் தூய்மையானது. தூய்மை மிகுதியாலேயே ஓரளவு பயனற்றும் போகின்றது. லேகொக் அபி 13ஆம் நூற்றாண்டில் ஒரு கன்னியர் மடமாக நிறுவப்பட்டது. 1539இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்டு, பின்னர் செல்வர் ஒருவரின் கைக்கு மாறி மாளிகையாயிற்று. அதனைச் சார்ந்த நிலங்களும் கிராமமும் டல்பொட் குடும்பத்திற்குரியவையாயின. அரைமணி நேரம் பெட்டிகளைக் காத்துக்கொண்டிருப்பதற்கு வேண்டிய ஓய்வு எங்கிருந்து வந்தது என்ற வினா நியாயமானது. ஆர்வலன் என்ற சொல்லே அக்காலத்தில் ஓய்வுடையோர் வகுப்பைச் சுட்டியது. இவற்றை ஒருவன் அறிந்திருப்பின் அவ்வறிவைப் படத்தின் முன் கழற்றி வைத்துவிட வேண்டும் என்று கோருவது மிகை.

எனினும் சமூக நோக்குடைய திறனாய்வாளனும் படத்தைப் பார்த்தேயாகவேண்டும். மாளிகையைக் கண்டிப்பது படத்தைப் பார்த்ததாகாது. "அருமையான வீடு" என்பதைப் போலவே அதுவும் படத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றது. டல்பொட்டின் தொடக்ககாலப் படங்களில் மாளிகை ஆளரவமற்று நிற்கின்றது. தோட்டக்காரரும் பணிப்பெண்களும் அரைமணி நேரத்துள் அப்பக்கமாக நடந்திருப்பின், அசையும் எதனையும் பதிக்கவியலாத அத்தாள் அவர்களை விழுங்கிவிட்டிருக்கும். இவ்வெறுமையை மேற்குடியினரின் அலட்சியம் என்று ஒருவன் விளக்குவானாயின் அவன் காரணத்தைப் பிழையாகக் கொண்டவனாவான். ஆனால் வெறுமை படத்தில் உள்ளது. அதனைச் சுட்டுவதிற் பிழையில்லை. 1840 செப்ரெம்பரில் டல்பொட் கண்டறிந்த புதிய முறையால் ஒளிபடவேண்டிய நேரம் பெரிதும் குறைந்தது. அதன்பின் அதே மாளிகைச் சூழலில், ஏணியருகே நிற்கும் ஆடவரின் உருவங்களும் திறந்த கதவொன்றின் பக்கத்தே சாத்திய விளக்குமாறும் அவர் படங்களில் இடம்பெற்றன. வியர்வையைப் பற்றிப் பேச விரும்புவோன் அந்த விளக்குமாற்றிலிருந்து தொடங்கலாம்.

மறைத்துக் கூறுவதா, வெளிப்படக் கூறுவதா என்ற பழைய பிரச்சினைக்கு இனித் திரும்பலாம். ஹேர்ஷலின் நடத்தையிற் குறைகூறத்தக்கது எதுவெனின், கடுஞ்சொல் பிறரிடத்துச் சொல்லப்பட்டமையே. தீர்ப்பு அதனைப் பயன்படுத்தக்கூடிய ஒரேயொருவரிடம் செல்லாது, அவரது போட்டியாளரைச் சூழ்ந்திருந்தோரிடம் சென்றது. உண்மை அங்கு எவருக்கும் உதவவில்லை, மகிழ்ச்சியளித்திருக்கக்கூடும். மடலில் அவர் கூறியதோ வேறு வகையானது. உமது படம் மங்கலானது என்று கூறுவதற்குப் பதிலாக, இங்கு ஒன்று இருக்கிறது, வந்து பாரும் என்றார். இதனை நயமான மறைப்பு என்று கருதுவோர் இருக்கலாம். ஆனால் தாம் கொண்ட அளவுகோலையே டல்பொட்டின் கையிற் கொடுத்துவிட முயன்றார் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. அளவுகோலைக் கையிற் பெற்றவன் தன் படத்தைத் தானே அளந்துகொள்வான். அளவுகோல் தனக்குப் பொருந்தாதெனின் அதனையும் கண்டுகொள்வான். புண்படுத்தாமையும் பொய்யாமையும் ஒருங்கே நிறைவேறும் இடம் மிகக் குறுகியது. இவ்வழைப்பு ஏறத்தாழ அங்கேதான் நிற்கின்றது.

ஹேர்ஷலுக்கு நண்பராயிருந்த இன்னோர் ஆர்வலரின் வரலாறு இலங்கையுடன் தொடர்புடையது. ஜூலியா மார்கரட் கமரன் 1863இல், தம் 48ஆம் வயதில், மகள் அளித்த கமராவைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கினார். இலங்கை நிருவாகச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவில் இடம்பெற்ற சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவி அவர். அவருடைய படங்களின் மங்கலைத் தொழில்முறை சார்ந்த நிழற்படச் சஞ்சிகைகள் கவனக்குறைவென்று கண்டித்தன. அவர் அம்மங்கலை விடவில்லை. 1867இல் அவர் எடுத்த ஹேர்ஷலின் உருவப்படம், விளிம்புகள் இருளிற் கரைய, முதிய முகம் மட்டும் ஒளிரும் படமாகும். மூடுபனியைக் குறைகண்டவரின் முகம் பரவலாக அறியப்பட்டிருப்பது அந்த மென்மங்கலிலேதான். கமரன் 1879இல் மலைநாட்டின் டிக்கோயாப் பகுதியில் காலமானார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

டல்பொட் 1835 ஓகஸ்றில் எடுத்த மிகச் சிறிய நெகற்றிவ் ஒன்று பேணப்பட்டு வருகின்றது. மாளிகைச் சாளரமொன்றை உள்ளிருந்து நோக்கிய படம் அது. அதனருகே தம் கைப்பட அவர் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். படம் முதலில் எடுக்கப்பட்டபோது, ஏறத்தாழ 200 சாளரக் கண்ணாடிச் சதுரங்களையும் வில்லையொன்றின் உதவியுடன் எண்ண முடிந்தது என்பது அக்குறிப்பின் சாரம். படம் நல்லதா அன்றா என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.